கோமுகப் பயணம்

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கங்கோத்ரிப் பனியாறு முடிந்து பாகீரதி ஆறு புறப்படும் இடம் கோமுகம். சுமார் 30 கி.மீ. நீளமுள்ள அந்தப் பனியாற்றின் முகப்பு ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உடையார்பாளையம் வட்டாரத்துக்குக் கங்கை புதிதல்ல. முதலாம் இராசேந்திரன் கங்கை நீரால் ஆன வெற்றித்தூணாக இங்கே சோழகங்கம் ஏரியை அமைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. ஆனால் அவன் படை எட்டியது வங்கச் சமவெளியைத்தான், பனியாற்றை அல்ல.

அரியலூரில் ரயிலேறிச் சென்னை, டெல்லி வழியாக அரித்துவார் சேர்ந்து, பிறகு சாலைவழி கங்கோத்ரிக்குப் போகலாம். அதற்கு அப்பால் 18 கி.மீ. நடைதான். இடையில் 14ஆவது கி.மீ.யில் உள்ள போஜ்பாசாவில் இரவு தங்குவார்கள்.

கங்கோத்ரிக் கோயில் அட்சய திருதியையில் திறந்து, தீபாவளியை அடுத்துச் சாத்தப்படுகிறது. பள்ளி விடுமுறையை வைத்து மே மாதம் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். அப்போது கூட்டம் நெரியும், பாதையின் ஓடைகளில் பழைய பனியும் கிடக்கும். முந்திரித் தோப்புக்காரர்களுக்கோ அது கொட்டை பொறுக்கும் நேரம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் போகவே கூடாது: கங்கோத்ரிச் சாலையில் உள்ள தராலியை 2025 ஆகஸ்ட் 5 அன்று சேற்று வெள்ளம் மூடியது. செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபர் முற்பாதியுமே சரியான காலம். வானம் தெளிந்திருக்கும், காலாண்டு விடுமுறையும் ஒட்டி வரும். இரவில் தண்ணீர் உறையும் என்பதால் கம்பளி அவசியம்.

உத்தரகாசி சுமார் 1,150 மீட்டர் உயரம், கங்கோத்ரி 3,000 மீட்டருக்கு மேல். இவ்வளவு உயரத்தை வண்டியில் ஒரே நாளில் ஏறிவிட முடிவதுதான் ஆபத்து. வழியிலுள்ள ஹர்சிலில் ஓர் இரவும் கங்கோத்ரியில் ஒரு முழு நாளும் தங்கிப் போவது நல்லது. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாமல் இறங்கிவிட வேண்டும். பாதை தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

வெள்ளை வெளேரென்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கல்லும் மண்ணும் மூடிப் பனியாறு சாம்பல் நிறத்தில் கிடக்கும். உடைந்த முகப்பில்தான் நீலம் தெரியும். வெயில் ஏற ஏறப் பனி இளகி, அதில் பதிந்த கற்கள் உருளும், ஆற்றில் நீரும் கூடும். ஆகவே போஜ்பாசாவிலிருந்து விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் திரும்ப வேண்டும். முகப்பை நெருங்கி நிற்கக் கூடாது.