கொடிக்கயிறு யார் கொடுத்தது?

நாகர்கோவில் நாகராஜா கோவிலில் அனந்தகிருஷ்ணன் சந்நிதிக்கு முன்னால் கொடிமரம் நிற்கிறது. பெருமாள் சந்நிதி என்றால் கொடிமரத்தில் கருடன் இருக்க வேண்டும். இங்கே ஆமை இருக்கிறது. கோவிலின் மூலவர் நாகராஜா; பாம்புக்கும் கருடனுக்கும் ஆகாது. ஓலைக் கூரைக்குக் கீழே இருக்கிற மூலவரின் வாசலில் அவருடைய பகையாளியை ஏற்றி உட்கார வைக்க முன்னோருக்கு மனம் வரவில்லை. ஆமையும் பெருமாளின் அவதாரந்தான். ஆகவே யாருக்கும் மனக்குறை இல்லை. தை மாதம் அந்தக் கொடிமரத்தில் கொடியேறிப் பத்து நாள் திருவிழா நடக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்தில், உலக நாடுகளின் கொடிகளை வரிசையாகப் போட்ட படத்தாள் ஒன்று வகுப்பறைச் சுவரில் தொங்கும். பிள்ளைகள் ஜப்பான், பிரேசில் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். "நம்ம ஊர்ல என்னென்ன கொடி உண்டு, மக்களே?" என்று கேட்டால் கட்சிக் கொடிகளைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதனால் சனிக்கிழமைகளில் விருப்பமுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். சுசீந்திரம், சாமித்தோப்பு, கோட்டாறு, தக்கலை, பத்மநாபபுரம் என்று கன்னியாகுமரி என்ற இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் சுற்றினாலே போதும். பிள்ளைகள் முதலில் கேட்பது, கொடியில் என்ன படம் என்பதைத்தான். அது பாதிக் கேள்வி. யார் ஏற்றினார்கள், யாருக்கு ஏற்ற உரிமை இருந்தது, கயிறு யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் நாஞ்சில் நாட்டுச் சரித்திரம் வாய் திறக்கும்.

எங்கள் பாட்டா விட்டுப்போன வெற்றிலைப் பெட்டியில் சில திருவிதாங்கூர் நாணயங்கள் கிடந்தன. அவற்றில் ஒரு செப்புக் காசை இன்றும் கையில் வைத்துப் பார்ப்பேன். கறுத்துப்போன வட்டம், ஒரு பக்கத்தில் சங்கு. எத்தனையோ பேர் கட்டைவிரல் பட்டு அதன் வரிகள் மழுங்கிவிட்டன. ஆனாலும் அது சங்கு என்பது விரலுக்குத் தெரியும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். 1956-இல் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பாட்டா விலை சொல்லும்போது சக்கரக் கணக்கில்தான் சொல்வார். அந்தச் சங்கே சிவப்புத் துணியில் வெள்ளி நிறத்தில் ஏறினால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கொடி. 1888-இல் அஞ்சல் தலை அடித்தபோதும் அதில் சங்குதான்.

சங்கு ஏன் என்பதற்குப் பதில் 1750 ஜனவரியில் இருக்கிறது. குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா, தான் பிடித்த நாட்டை எல்லாம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் அரசர் பத்மநாபதாசன், நாடு சுவாமியுடையது. நாடு சுவாமியுடையது என்றான பின் அடையாளமும் சுவாமி கையில் உள்ள சங்காக இருப்பதுதானே முறை? அதிலும் வலம்புரி. மன்னார் வளைகுடாவில் முக்குளித்து எடுக்கிற சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். வலம்புரி கிடைப்பது அபூர்வம். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் வந்தவர்கள் பரதவர்களும் முஸ்லிம் மீனவர்களும். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் போன சங்கு அவர்கள் கைவழியாகத்தான் கரையேறியது. அரசமுத்திரைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

அந்தச் சங்குக்குக் கீழே எல்லாரும் ஒரே மாதிரி வாழவில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் மக்கள் தலைவரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் மாரை மறைத்தால் குற்றம்; குடத்தை இடுப்பில் வைத்தால் குற்றம். ஊழியமும் வரியும் தலையில் விழுந்த மனிதனுக்குச் சங்கு தெய்வத்தின் கையில் இருப்பதாகத் தெரிந்திருக்காது, அதிகாரியின் கையில் இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சாமித்தோப்புக்குப் போக வேண்டும். 1809-இல் பிறந்த முத்துக்குட்டி, 1833 மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலுக்குள் போய் அய்யா வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அவர் வழியில் நடக்கும் அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை. ஊழியம் செய்யாதே, வரி கொடாதே, தலை நிமிர்ந்து நில் என்று சொன்னார். சுவாதித்திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. விடுதலையாகித் திரும்பிய பிறகும் அவர் சொல் மாறவில்லை. தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார். இன்றும் பதி, நிழல்தாங்கல் என்னும் அய்யாவழி வழிபாட்டு இடங்களில் ஆண்கள் தலையில் துணி கட்டித்தான் உள்ளே போகிறார்கள். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவன் அங்கே தன் முகத்தையே பார்க்கிறான்.

வைகாசி, ஆவணி, தை என்று ஆண்டுக்கு மூன்று முறை சாமித்தோப்பில் காவிக்கொடி ஏறுகிறது. வெள்ளிக்கிழமை கொடியேற்றம்; பதினோராம் நாள் திங்கட்கிழமை தேரோட்டம்; எட்டாம் நாள் குதிரை வாகனத்தில் கலிவேட்டை. அய்யாவழியின் சின்னம் தாமரையும் அதன் மேல் சுடர்போல எழும் வெள்ளை நாமமும். சின்னத்தின் தத்துவத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அங்கே நிற்கிற மனிதரின் தலைதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு துண்டைத் தலையில் சுற்ற உரிமை மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தலைப்பாகையோடு ஒரு துணியை வானத்துக்கு ஏற்றுகிறார்கள். நான் பார்த்த கொடிகளிலே இதற்கு இணையான சரித்திரம் உள்ள கொடி வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன். நாடார் பெண்களின் மேலாடைக்கான அரசு உத்தரவு 1859-இல் வந்தது. அய்யா அதற்கு எட்டாண்டு முன்பே, 1851-இல் மறைந்துவிட்டார்.

சங்குக்கொடியின் கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ஆம் தேதி அவரை வெட்டினார்கள். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர்-கொச்சி பிறந்தது. ஆனால் தெற்கே இருந்த தமிழர்களுக்கு அது முடிவாகவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், அதன் தலைவர் மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு என்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கான போராட்டம் போனது. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன.

அன்றைக்கு அரசுக் காகிதத்தில் முத்திரையும் மாறியது. தமிழ்நாட்டு முத்திரையில் கோபுரம், அதன் இரு பக்கமும் தேசியக் கொடிகள். சங்கு வடக்கே போய்க் கேரள அரசின் முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவே இடம் பிடித்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதை விளக்க வசதியாக இருக்கும். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. தக்கலையில் பஸ் இறங்கி நடக்கும்போது கோபுர முத்திரை அலுவலகங்களைத் தாண்டி, வாசலில் யானையும் சங்கும் உள்ள அரசின் ஆளுகைக்குள் போகிறோம். எல்லைக்கோடு எதையும் தாண்டாமல் இரண்டு மாநிலம் பார்த்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இன்று இந்திய மாநிலம் எதற்கும் சட்டப்படி தனிக்கொடி கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு இருந்தது 2019-இல் போயிற்று. தமிழ்நாட்டுக்கு ஒன்று வேண்டும் என்று 1970-இல் கலைஞர் ஒரு வடிவத்தைக் காட்டினார். கர்நாடகம் 2018-இல் முயன்றது. இரண்டும் கைகூடவில்லை. எங்கள் மாவட்டத்துக்குத் தனிக்கொடி இல்லாததை நான் குறையாக நினைத்ததே இல்லை. ஏனென்றால் இங்கே ஊருக்கு ஊர் கொடி இருக்கிறது.

கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-இல் திருவிழா முடிகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இந்தக் கடற்கரையில் நடந்து முக்குவர் என்னும் மீனவர்களின் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தவர். அவர் கொண்டுவந்த மதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆலயத்து முன்னே நிற்கும் கொடிமரம் இந்த மண்ணுடையது. கடற்கரை ஊர்களில் புனிதரின் படம் பொறித்த கொடியை முதலில் தெருத்தெருவாகச் சுற்றிக் கொண்டுவந்து, பங்குத்தந்தை மந்திரித்த பிறகே ஏற்றுகிறார்கள். ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு ஊரிலிருந்து சொல்லி விடுவது ஒன்றே ஒன்று: "கொடியேத்தத்துக்கு முன்ன கரைக்கு வந்திரணும்." கோவில் ஊர்களிலும் இதே கட்டுப்பாடு, கொடியேறினால் இறங்கும்வரை ஊர் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய சீர்திருத்த சபையில் மட்டும் கொடிமர வழக்கம் வேர் பிடிக்கவில்லை.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலில் வைகாசி விசாகத் திருவிழா பத்து நாள் நடக்கும். ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தெப்பம். அந்தத் திருவிழாவின் கொடியை ஏற்றுகிற கயிற்றைப் பரம்பரையாகக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் குமரிக் கடற்கரையின் கிறிஸ்தவ மீனவர்கள். மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்து கோவிலில் ஒப்படைக்கிறார்கள். கொடிப்பட்டம் என்னும் கொடித்துணி ஒருவர் கையிலிருந்து வருகிறது, கயிறு இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கொடி மேலே போகும்.

கடலில் பாயையும் வலையையும் இழுத்துக் கட்டுகிறவனுக்குத் தெரிந்த அளவு கயிற்றைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும்? முறுக்கு எங்கே இளகியிருக்கிறது, உப்புக் காற்றுக்கு எது தாங்கும், கப்பியில் எது சிக்காமல் ஓடும் என்பது அவன் கைக்குத் தெரியும். கொடியேற்றத்தில் கயிறு அறுந்தால் ஊருக்கே ஆகாது என்று நம்புகிற நாட்டில், அந்தப் பொறுப்பைக் கடல் தொழிலாளி கையில் கொடுத்தது வெறும் உபசாரம் அல்ல. அவன் தொழிலறிவுக்குக் கொடுத்த மரியாதை. மதம் மாறிய பிறகும் அந்த மரியாதையைக் கோவில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, மீனவர்களும் கைவிடவில்லை.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் நடந்து ரத்தம் சிந்திய மாவட்டம் இது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே ஏற்பட்ட அந்தப் பிளவின் வலி பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் குமரிக்கு வரும் அந்தக் கயிறு என்ன கனம் கனக்கிறது என்று விளங்கும். மகாதானபுரம் ரவுண்டானாவில் 2022-இல் நிறுத்திய மிக உயரமான தேசியக் கொடியை எல்லாரும் கார் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அது நம் எல்லாருக்கும் உரியது. அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிற பகவதி அம்மன் கோவிலுக்கு வைகாசியில் ஒருமுறை கயிறு வரும் நேரத்தில் போய் நின்று பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வேண்டுகோள் உண்டு. சமஸ்தான காலத்துப் பள்ளிக்கூடமோ சத்திரமோ இடிக்கும்போது சங்கு செதுக்கிய கல் கிடைத்தால் அதை அஸ்திவாரத்தில் போட்டு மூடாதீர்கள். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊர்க் கொடியேற்றத்துக்குத் துணி யார் தருகிறார்கள், கயிறு யார் தருகிறார்கள், மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு, பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.