எடைக்கணக்கும் உருப்படிக்கணக்கும்: காரைக்குடிப் பழஞ்சாமான் தெரு பற்றிச் சில குறிப்புகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பித்தளைக் குடத்துக்கு இரண்டு விலை உண்டு. எடைக்குப் போட்டால் ஒன்று, உருப்படியாக விற்றால் வேறொன்று. முதல் விலையில் அது வெறும் உலோகம். இரண்டாவதில் அது 'ஆண்டிக்'. காலையில் தராசில் ஏறிய குடம் மத்தியானம் அலமாரியில் ஏறிவிடுகிறது. இந்த நாலைந்து மணி நேரத்தில் குடத்தில் எதுவும் மாறவில்லை, அதைப் பற்றிய பேச்சுதான் மாறியிருக்கிறது. பழம்பொருளைக் காலம் உண்டாக்குவதில்லை, எடைக்கணக்கிலிருந்து உருப்படிக்கணக்குக்கு மாறுகிற அந்தக் கணம்தான் உண்டாக்குகிறது என்று எனக்குப் படுகிறது. இந்த மாற்றத்துக்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பொருள் வந்த வழி பாதி மறக்கப்பட வேண்டும், பாதி நினைவில் நிற்க வேண்டும். எந்தப் பாதி என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

இதை நான் வெளியே நின்று எழுதவில்லை. மதுரையில் நண்பரொருவர் வைத்திருக்கும் சின்னக் கடைக்குச் சாமான் பிடிக்க, சில வருஷங்களாக அவரோடு போய்வருகிறேன். வாங்கியதன்மேல் விலை வைத்து விற்பதுதான் வேலை. லாபத்தில் எனக்கும் பங்குண்டு. தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கடைகள். கடைக்குப் பின்னால் கிட்டங்கி, அதற்குப் பின்னால் இன்னொரு கொட்டகை. முன்னால் கண்ணாடிக்குள் இருப்பது வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு. எங்களை மாதிரி திருப்பி விற்பவர்கள் நேரே பின்கட்டுக்குப் போய்விடுவோம். அங்கேதான் அருவாமனை, இடியாப்ப உரல், ஊறுகாய் ஜாடி, தேக்கு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் பிரிக்கப்படாமல் குவிந்து கிடக்கும். சென்னை, பெங்களூர், கொச்சி வியாபாரிகள், ஓட்டல் அலங்காரம் செய்கிறவர்கள், சினிமாவுக்கு செட் போடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குவியலைத்தான் கிண்டுகிறோம். புதுக் கதவுக்குச் சாயம் ஏற்றிப் பழசாக்கி வைத்திருப்பதும் உண்டு. கீலைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அது வேறு கதை.

இகோர் கோப்பிடாஃப் என்ற மானுடவியலர், அர்ஜுன் அப்பாதுரை 1986இல் தொகுத்த நூலில், பொருள்களுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்கிறார். பண்டமாக இருப்பது ஒரு பொருளின் வாழ்வில் ஒரு கட்டம் மட்டுமே, அதற்குள் அது போகலாம், வெளியேயும் வரலாம் என்பது அவர் வாதம். பயனுள்ள பார்வைதான். ஆனால் வாழ்க்கை வரலாறு என்றதும் தனியாள் ஒருவர் நம் மனசில் வந்துவிடுகிறார். இந்தத் தெருவில் பொருள்கள் தனித்தனியாக வருவதில்லை. வீடு வீடாக வருகின்றன.

செட்டிநாட்டு வீடு ஒருவர் சொத்தல்ல. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகப் பெருக, ஒரே வீட்டில் சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று ஏகப்பட்ட பங்கு. ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒத்துவர வேண்டும். கடைசியில் இடித்து விற்பதில் மட்டும் ஒத்துவருகிறார்கள். தரகர் மூலம் சேதி தெருவுக்கு வரும். தூண், உத்தரம், நிலை, கதவு என்று மரம் முதலில் போகும். பிறகு பாத்திரம். கடைசியில் மிஞ்சும் கந்தல், காகிதம்.

பாத்திரம் பெரும்பாலும் பெண்கள் கொண்டுவந்த சீர். கலியாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை உண்டு. மனைவியின் சாமான் அதற்குள் பூட்டியிருக்கும். அடுக்கடுக்காக எனாமல் தூக்கு, தட்டு, சட்டி. பல முறை உபயோகிக்கவே படாதவை. கவிழ்த்துப் பார்த்தால் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருக்கும். செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918க்கு முந்தியதல்ல என்று நாங்கள் உடனே கணக்குப் போடுவோம். பித்தளையில் பேர் வெட்டியிருக்கும். அது வீட்டு ஆண்களின் முதலெழுத்தாகவும் இருக்கலாம், சீர் கொண்டுவந்த பெண்ணின் பேராகவும் இருக்கலாம். பேர் வெட்டியிருந்தால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வேண்டாமென்பார்கள், மீதிப் பேர் கூடக் கொடுப்பார்கள். யார் அந்தப் பெண் என்று கேட்டு ஒருத்தர் வந்ததில்லை.

தேக்கு எங்கேயிருந்து வந்தது என்று மட்டும் எல்லாரும் கேட்பார்கள். "பர்மா தேக்கு" என்றால் விலை ஏறும். நினைவில் நிற்க வேண்டிய பாதி இதுதான்: கடல் தாண்டிய வணிகம், கப்பல், செல்வம், கலையுணர்வு. மற்றப் பாதியைச் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்பு நிலம் திருத்தப்பட்டு, உலகச் சந்தைக்கான நெல் வயலானது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனிடம் நேரில் போகாது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடைகள் போயின. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து டெல்டாவின் சின்ன ஊர்கள் வரை முதலாளி, ஏஜெண்டு, அடுத்தாள் என்று ஒரு வலை. நிலத்தின் பேரில் கடன், அறுவடையில் வட்டி. 1930இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்து நெல் விலை பாதியாகச் சரிந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். எட்டே வருஷம். 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் எழுந்த விவசாயிகள் கலகத்தை இந்த எண்களோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு சமூகத்தைத் தூக்கிலேற்றும் சொல்லாடலுக்குள் விழுந்துவிடவும் கூடாது. 'வட்டிக்கடைச் செட்டி' என்ற பர்மியக் கேலிச்சித்திரம் காலனிய மூலதனத்துக்கு ரொம்ப வசதியாக இருந்தது. செட்டியார் கடைகளே பிரிட்டிஷ் வங்கிகளிடம் கடன் வாங்கியவை. நெல் ஆலையும் ஏற்றுமதியும் ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. அவர்கள் பேர் விவசாயிக்குத் தெரியாது, கடன் பத்திரத்தில் இருந்த பேர் தெரிந்தது. வெறுப்பு வெடித்தபோது அடிபட்டதும் முதலாளி அல்ல. 1930 மே மாதம் ரங்கூனில் செத்தவர்கள் பெரும்பாலும் துறைமுகத் தெலுங்குக் கூலிகள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஓடிவந்தார்கள். காட்டு வழியில் நடந்து செத்தவர்கள் யாரென்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

1948 நிலத் தேசியமயச் சட்டம், 1962இல் நே வின் ஆட்சி, 1963, 64இல் வங்கியும் கடையும் அரசுடைமை. இத்தோடு பர்மா முடிந்தது. திரும்பி வந்த ஏழைகளுக்காக 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலை நடைபாதையில் பர்மா பஜார் போட்டுக் கொடுத்தார்கள். ஆக, ஒரே பர்மாவிலிருந்து தமிழ்நாட்டில் இரண்டு கடைத்தெருக்கள். ஒன்றில் விற்றவர்கள் பர்மாவில் எல்லாம் இழந்தவர்கள். மற்றதில் விற்கப்படுவது பர்மாவில் சம்பாதித்தது. இரண்டிலும் நான் பேரம் பேசியிருக்கிறேன்.

இனி காகிதம். மரமும் பித்தளையும் எடையிலிருந்து உருப்படிக்கு ஏறிவிட்டன. பேரேடு, குறிப்பு, ஐந்தொகை, அடமானப் பத்திரம் இவையெல்லாம் எடையிலேயே நின்றுவிட்டன. சட்டம் இதற்கு நேர்மாறாக நினைப்பது ஒரு வேடிக்கை. 1972இல் இயற்றி 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம், பொதுவாகப் பொருளுக்கு 100 வயது கேட்கிறது. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 வயது போதும். அப்படியானால் 1935இல் வாங்கிய எனாமல் தூக்கு இன்றும் தொல்பொருள் அல்ல, அதே வருஷத்துப் பேரேடு தொல்பொருளாகலாம். தெருவிலோ தூக்கு அலமாரியில், பேரேடு சாக்கில். வரலாற்று மதிப்பு உண்டா என்று தீர்மானிக்க வேண்டியவர் யாரும் அந்தச் சாக்கைப் பிரிப்பதில்லை.

பக்கத்திலேயே கோட்டையூரில் ஒருவர் பிரித்துப் பார்த்தார் என்பது நினைவுக்கு வருகிறது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா பழைய அச்சுத் தாள்களை வாழ்நாள் பூராவும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994இல் சென்னையில் நூலகமானது. அது அச்சு. கையெழுத்துக் கணக்குக்கு அப்படியொரு கிறுக்கர் போதிய அளவு வாய்க்கவில்லை.

ஒரு தடவை அப்படியொரு சாக்கை நான் எடைபோட்டு வாங்கினேன். கடைக்காரப் பெரியவர் சிரித்தார். "பொட்டலம் மடிக்கவா தம்பி? அதுக்குக்கூட ஆகாது, தாள் ஒடியுது."

"படிக்க, பாய்."

"இதுல என்ன படிக்கிறது? குடுத்தது, வாங்குனது. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். கோ, மவுங், மா என்று தொடங்கும் பர்மியப் பேர்கள் தமிழெழுத்தில், பக்கத்தில் தமிழ் எண்ணில் தொகை. வட்டி ஏறிக்கொண்டே போகிறது. சில பேர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வருவதில்லை. அந்த இடத்தில் நிலத்தின் விவரம் எழுதியிருக்கிறது. பழைய கணக்கெழுத்து தெரிந்த ஒருவரை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். மதுரைக் கடையில் இதற்கு இடமில்லை, நண்பருக்கு எரிச்சல்.

போன மாசம் போனபோது காகிதத்துக்கும் உருப்படிக்கணக்கு வந்திருந்தது. பேரேட்டைப் பிரித்து, ஏடு ஏடாகக் கிழித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். காப்பிக் கடைகளுக்கும் ஓட்டல் வரவேற்பறைகளுக்கும் நன்றாகப் போகிறதாம். மீதி ஏடுகள் எங்கே என்று கேட்டேன். "கையெழுத்து அழகா இருக்கிற பக்கமாப் பாத்து எடுத்திருக்கோம் தம்பி. கணக்கு முடியுற பக்கமெல்லாம் அடிச்சுத் திருத்திக் கெடக்குது. அது ஓடாது, எடைக்குப் போட்டாச்சு" என்றார்.