ஐம்பது ரூபாய் அபராதமும் ஓர் ஆமையும்

பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பாலைவனம் பகுதி மக்களுக்கு ஆமை புதிதல்ல. வலையில் கடலாமை சிக்கினால் விட்டுவிட வேண்டும், அதைத் தொட்டால் வனத்துறை கேஸ் போடும் என்பது மீனவக் குப்பங்களில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இப்போது ஒரு கற்பனை. அதே பகுதியில் ஒரு வீட்டில் யாரோ ஆசைக்கு வாங்கிய ஆமை ஒன்று, வெயில் படாத மூலையில், அழுக்குத் தண்ணீர் பேசினில் கிடக்கிறது. சரியான தீனி இல்லை. ஓடு மெத்தென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மனது கேட்காமல் போலீசுக்குப் போன் செய்கிறார். "வனத்துறையிடம் சொல்லுங்கள்" என்று பதில் வருகிறது. வனத்துறைக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே, "என்ன ஆமை?" என்பதுதான். அது எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை!

அதிகாரிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்தப் பந்தாட்டத்துக்குப் பின்னால் நூறு வருடங்களுக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது.

மாட்டு வண்டியில் தொடங்கிய சட்டம்

1822ல் இங்கிலாந்தில் வந்த மார்ட்டின் சட்டம், ஆடு, மாடு, குதிரை போன்ற பிராணிகளை அடித்துத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியது. இந்தியாவில் 1861ல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவர் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1890ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கென ஒரு பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. அன்றைய கவலையெல்லாம் தெருவில் கண்ணெதிரே அடிபட்ட வண்டி மாடுகளையும் குதிரைகளையும் பற்றித்தான். வீட்டுக்குள் சத்தமில்லாமல் பட்டினி கிடக்கும் பிராணி யார் நினைவிலும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இதை மாற்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பிராணிகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962ல் அவர் தலைமையில் விலங்கு நல வாரியமும் அமைந்தது.

இந்தச் சட்டத்தின் வரையறை மிகவும் தாராளமானது. மனிதன் தவிர எந்த உயிரும் 'பிராணி'தான். ஆமை, பாம்பு, உடும்பு எல்லாமே அதில் அடக்கம். போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராத உரிமையாளர் 11வது பிரிவின்படி குற்றவாளி.

அப்படியானால் சிக்கல் எங்கே?

பல் இல்லாத சட்டம்

முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருடங்களுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் மூன்று மாதம் சிறை, அல்லது இரண்டும். 1960ல் 10 கிராம் தங்கம் நூறு ரூபாய்ச் சொச்சம். அந்தக் கணக்கில் 50 ரூபாய் கிட்டத்தட்ட அரைப் பவுனின் விலை, ஒரு குடும்பத்துக்கு வலிக்கக்கூடிய தொகை. இன்று ஒரு கிராம் தங்கமே பல ஆயிரம் ரூபாய். அபராதம் மட்டும் அதே 50ல் நிற்கிறது!

இன்னொரு ஓட்டையும் உண்டு. பட்டினி போடுவது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வழக்கையும் மூன்று மாதத்துக்குள் தொடுத்தாக வேண்டும். நாய் பசித்தால் ஊளையிடும், தெருவே கேட்கும். ஆமையோ மாதக்கணக்கில் சத்தமில்லாமல் மெலியும். கண்டுபிடிப்பதற்கே காலம் கடந்துவிடும்.

வனத்துறையின் கேள்வி

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வனத்துறைக்கு உண்மையான அதிகாரம் கிடைத்தது. ஆனால் அட்டவணையில் பெயர் உள்ள பிராணிகளுக்கு மட்டும்தான். "என்ன ஆமை?" என்ற கேள்வி பிறந்தது இங்கேதான்.

நம் ஊர் நட்சத்திர ஆமை அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்தில் அது முதல் அட்டவணைக்கே உயர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அதை வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வெளிநாட்டு இக்வானா, பந்து மலைப்பாம்பு போன்றவை 2022 வரை இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. 2020ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று அறிவித்தது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன.

யோசித்துப் பாருங்கள். நட்சத்திர ஆமையை ராஜா மாதிரி வளர்த்தாலும் ஜெயில். முறையாகப் பதிவு செய்த மலைப்பாம்பைப் பட்டினி போட்டால் 50 ரூபாய். ஒரு சட்டம் 'யாருடையது' என்று பார்க்கிறது. 'எப்படி இருக்கிறது' என்று பார்க்க வேண்டிய இன்னொரு சட்டத்துக்குப் பல் இல்லை.

கடும் தண்டனைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஆமையை ஒப்படைக்க நினைப்பவரும் பயந்துபோய் இரவோடு இரவாக ஏதாவது குளத்தில் விட்டுவிடலாம். அமெரிக்கச் சிவப்புக் காது ஆமை இப்படித்தான் பல நாடுகளின் நீர்நிலைகளில் பரவியது.

வெளியே என்ன நடந்தது?

இங்கிலாந்து 2006ல் சட்டத்தை மாற்றியது. முதுகெலும்புள்ள எந்த வளர்ப்புப் பிராணிக்கும் தேவையானதைச் செய்து கொடுப்பது உரிமையாளரின் கடமை. பிராணி துன்பப்படப் போகிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தந்தாலே அதை அங்கிருந்து எடுத்துவிடலாம். சிங்கப்பூரில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூரு திரும்பின. மனது வைத்தால் ஓர் ஆமைக்காக இரண்டு நாடுகளே சேர்ந்து வேலை செய்ய முடியும்!

இந்தியாவில் 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே, தண்டனையை உயர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. (அந்தத் தீர்ப்பில் காளையைப் பற்றிய பகுதிதான் தமிழ்நாட்டில் பேசப்பட்டது. இது காதில் விழவில்லை.) 2022 நவம்பரில் திருத்த வரைவு வெளியானது. 2023ம் போனது, 2024ம் போனது, வரைவு வரைவாகவே இருந்தது.

திருப்பாலைவனத்துக் கற்பனை ஆமைக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் போனோடு நிறுத்தாமல், தேதியுடன் போட்டோ எடுத்து, எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கினால், விஷயம் மாஜிஸ்திரேட் வரை போக வழி உண்டு. 2001 விதிகளின்படி மாவட்டத்துக்கு ஒரு பிராணிவதைத் தடுப்புச் சங்கமும் இருக்க வேண்டும். அதன் கதவையும் தட்டலாம்.

ருக்மிணி தேவி 'எந்த உயிரும்' என்ற வார்த்தைக்காகப் போராடினார், அது கிடைத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் 50 என்ற எண் மாறும்வரை, போலீசுக்கும் வனத்துறைக்கும் நடுவே அந்த ஆமை பேசினில்தான் கிடக்கும்.