தப்பொலியும் மெய்ப்பாடும்: பண்டாரவளைத் தோட்டங்களை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

ஒலி மாந்தரின் உணர்ச்சிகளை எவ்வாறு இயக்குகின்றது என்னும் வினாவுக்கு ஒலியின் பௌதிக இயல்புகளிலேயே விடை காண்போர் உளர். சுருதி ஏறினால் கிளர்ச்சி, இறங்கினால் சோகம். ஒலி நெருங்கினால் அச்சம், விலகினால் ஏக்கம் என்பது அவர்தம் கணக்கு. இது முற்றிலும் பொய்யன்று. எனினும் பண்டாரவளைச் சுற்றுப்புறத்திலும் பொதுவாக மலையகத் தோட்டங்களிலும் ஒலித்துவந்த தப்பின் வரலாற்றை நோக்குமிடத்து, அது பாதிக் கணக்கே என்பது புலனாகும்.

தப்பு ஒருமுகத் தோற்கருவி. மலைப் பனியில் தோல் ஈரம் உறிஞ்சித் தளர்கிறது. மீடிறன் குறைந்து ஒலி மந்தமாகிறது. வைக்கோலோ சருகோ மூட்டி அனலிற் காட்ட, ஈரம் நீங்கித் தோல் இறுகிச் சுருதி எழுகிறது. இதனைத் தப்புக் காய்ச்சுதல் என்பர். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறுகையில் தடித்த குறுங்குச்சி. நடுவில் அடித்தால் ஒரு தொனி, விளிம்பில் வேறொன்று. எழுதிவைக்கப்பட்ட இலக்கணம் எதுவுமின்றி, நெருப்பையும் விரலையும் கொண்டே சுருதியை ஆளும் இத்தொழிலறிவை நமது இசை நூல்கள் பொருட்படுத்தியதில்லை என்பதை ஈண்டுச் சுட்டாமல் விடுதல் இயலாது.

இக்கருவியே தோட்டத்தில் விடியற்காலைக் கடிகாரமாகவும் பயன்பட்டது. பிரட்டுக்களத்துக்கு ஆட்களைத் திரட்ட இருள் விலகுமுன் தப்பு முழங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடும்பாடல் இவ்வோசையிலிருந்தே விடியலைக் காண்கிறது. லயத்துக் காம்பராவில் உறங்கிக்கிடந்தவருக்கு அவ்வொலி இசையன்று. அன்றைய பெயர் விழுமா, அரைப் பெயரோடு போகுமா என்னும் அச்சத்தின் முதல் அறிவிப்பு.

மாசி மாதத்துக் காமன் கூத்திலோ அதே தப்பு வேறு பொருள் பெறுகிறது. தூதனும் வீரபத்திரனும் தோன்றும்போது அடி விரைகிறது. தீப்பந்தமேந்திய ஆட்டம் லயங்களுக்கிடையே நகர, ஒலி மேட்டிலும் பள்ளத்திலும் மோதித் திரும்புகிறது. ஆடுவோர் சிலர் மருள் கொள்வதுமுண்டு. காமன் எரிந்தபின் இரதியின் புலம்பல் எழுகிறது. உச்சத்தில் தொடங்கி, மூச்சு முடியுமிடத்தில் வழுக்கி இறங்கும் ஒப்பாரியின் இயல்பு அதில் தெளிவு. துரையின் நேரத்துக்கு அடித்த கைகள் அவ்விரவுகளில் தம் மக்களின் நேரத்துக்கு அடித்தன.

பக்குடுக்கை நன்கணியாரின் புறப்பாட்டில் (194) ஒரு மனையில் சாப்பறையும் மறுமனையில் மணமுழவும் ஒலிக்கின்றன. கருவி இரண்டு, மனை இரண்டு. தோட்டத்திலோ கருவி ஒன்றே; பெரும்பாலும் கையும் ஒன்றே. சாவுக்கு அடிக்கும் கடமை குறித்த ஒரு சாதியார்மீதே சுமத்தப்பட்டிருந்தது. தப்பை நமது மக்கள் கலையென மேடையேற்றும் முற்போக்காளர் (நாமும் அவருள் அடங்குவோம்) இழவு வீட்டில் அதனை யார் அடிப்பது என்ற கேள்வியை மேடைக்கு வெளியே விட்டுவிடுகிறோம்.

மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர். மக்கள் அறிந்த மெட்டுகளில் அவர் இயற்றிய பாடல்கள் 1940இல் நூலாயின. மெட்டின் ஏற்ற இறக்கம் மாறவில்லை. சொல்லும் கூட்டமும் மாறின. வேறு உணர்ச்சிக்குப் பழகிய மெட்டு வெகுளிக்குப் பயன்பட்டது. சுருதியே உணர்ச்சியை முற்றாக நிர்ணயிக்குமாயின் இது நிகழ்ந்திராது.

இறுதியாக, ஒலியின் நகர்வு. அணுகும் ஒலியின் சுருதி உயர்வதும் அகலும் ஒலியின் சுருதி தாழ்வதும் 1842இல் டொப்ளர் விளக்கியது. தப்புடன் நடந்துசெல்லும் ஊர்வலத்தில் இம்மாற்றம் செவிக்கு எட்டாது. பண்டாரவளையிலிருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மலையேறும் புகைவண்டியின் ஊதலும், நிலையத்தில் நிற்பவருக்கு நூற்றுக்கு இரண்டு பங்கிலும் குறைவாகவே தாழும். ஓர் அரைச்சுரத்தின் இடைவெளியோ ஏறத்தாழ ஆறு பங்கு. ஆயினும் மலையக மக்கள் அவ்வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று பெயரிட்டனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாய் ஒரு பட்டியலிலும் மகள் மற்றதிலும் அமைந்த குடும்பங்கள் பல. தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் போகவிருந்தோர் சன்னலைப் பற்றியிருக்க, மேடையில் நின்றோரின் ஒப்பாரி ஊதலை மூடியது. பிணமின்றி எழுந்த ஒப்பாரி அது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் கூறும்: இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. ஓசை அவற்றுள் இடம்பெறவில்லை. அந்த மேடையில் நின்றோருக்கு நான்கும் இருந்தன.