புதுப்பனியும் புது இடமும்

பனி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவன மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும், வயல்வெளியை மூடி நிற்கும் மெல்லிய மூட்டமுமே ஆகும். இரவோடிரவாக வானிலிருந்து பஞ்சுபோல் வீழ்ந்து, ஆள் இடுப்பளவு குவிந்து, வீட்டு வாயிலையே அடைத்துவிடும் வெண்பனியை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. ஆயினும் உலகின் வடபகுதியில் வாழும் கோடிக்கணக்கான மக்களுக்குக் குளிர்காலம் என்பது அந்த வெண்பனிதான். அதன்மீது நடக்க இயலாமல் தவித்த மனிதன், நீண்ட மரக்கட்டைகளைக் காலில் பிணைத்துக்கொண்டு அதன்மீது வழுக்கிச் செல்லப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டான். ஸ்கீ எனப்படும் அந்தச் சறுக்குக் கட்டைகள் முதலில் வேட்டைக்கும் பயணத்திற்கும் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டில் அவை விளையாட்டுக் கருவிகளாயின. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைநாடுகளிலும் அவை பரவத் தொடங்கின.

இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் எல்லாவற்றினும் மேலாக விரும்புவது பொடிப்பனியையே ஆகும். கடுங்குளிரில், பெருங்காற்று இல்லாத வேளையில் வீழும் பனிப்படிகங்கள் தம் மென்மையான கிளைகள் முறியாமல் ஒன்றன்மேல் ஒன்று தங்குகின்றன. அவற்றின் இடையே காற்று நிறைந்திருக்கிறது. அத்தகைய புதுப்பனியின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டது காற்றே என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? அதன்மீது சறுக்குவோன் நிலத்தைத் தொடாமல் மிதந்து செல்வது போன்ற உணர்வைப் பெறுகிறான். ஆனால் அந்தச் செல்வம் நிலையாதது. வெயில் பட்டால் அது கனத்துவிடும். காற்று அடித்தால் இறுகிவிடும். நூறு பேர் சறுக்கிவிட்டால் உழுத வயல்போல் ஆகிவிடும். ஆதலால் புதுப்பனி பெய்த காலையில் அனைவரும் விரைகின்றனர். பழகிய மலையாயின், எந்தச் சரிவு எப்போது நன்றாயிருக்கும் என்பதை ஒருவன் அறிவான். முன்பின் அறியாத ஓரிடத்தில் அத்தகைய நாள் வாய்த்தால் அதன் முழுப்பயனையும் பெறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடையை இரு இடங்களின் வரலாற்றிலிருந்து காண முயல்வோம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலை மாணவ நண்பர்கள் நன்கு அறிவீர்கள். காசநோயால் வருந்திய தம் மனைவியின் உடல்நலம் கருதி அவர் சுவிட்சர்லாந்திலுள்ள டாவோஸ் என்னும் ஊரில் தங்கியிருந்தார். 1894-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டாவோஸிலிருந்து ஒரு மலைக்கணவாயைக் கடந்து அரோசா என்னும் ஊருக்குச் சறுக்குக் கட்டைகளின் துணையுடன் சென்றார். அவ்வழியை முதலில் கடந்தவர் அவரே என்று சிலர் எழுதுவதுண்டு, அது பொருந்தாது. அவ்வூரைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்கள் அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்வழியைக் கடந்திருந்தனர். டாயிலை அழைத்துச் சென்றவர்களும் அவ்விருவரே. பொழுது புலருமுன்பே அவர்கள் புறப்பட்டனர். செங்குத்தான ஒரு சரிவில் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்து அதன்மேல் அமர்ந்து இறங்குமாறு வழிகாட்டிகள் கூறினர். டாயிலின் கட்டைகளோ அவர் கையிலிருந்து நழுவி, அவரை விட்டுவிட்டு முன்னே ஓடிவிட்டன! பாவம், அவர் தம் உடையின் பின்புறம் தேய அமர்ந்தபடியே சறுக்கி இறங்க நேர்ந்தது. அரோசா விடுதியின் பதிவேட்டில் மூவர் பெயரையும் எழுதிய மூத்த பிராங்கர், டாயிலின் தொழில் என்னும் இடத்தில் 'விளையாட்டு வீரர்' என்று குறித்தாராம். புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவர், அம்மலையை அறிந்த ஊரார் இருவரின் பின்னே மாணவனைப் போல் அடங்கிச் சென்றார் என்பதே இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது.

இனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற்குச் செல்வோம். அங்கே சால்ட் லேக் நகருக்கு அருகில் வாசாச் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றின் தலைப்பகுதியில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது ஆல்ட்டா என்னும் சிற்றூர். ஓர் ஆண்டில் அங்கே வீழும் பனியைக் கூட்டினால் சராசரியாக 12 மீட்டருக்கும் மேற்படும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி உயர்ந்து குளிர்வதே இதற்குத் தலையாய காரணம். இன்று பொடிப்பனியின் தாயகம் எனப் புகழப்படும் அவ்வூர், ஒரு காலத்தில் சாவின் வாயிலாக இருந்தது.

1860-களில் அம்மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அச்செய்தி கேட்டுப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். சுரங்கங்களைத் தாங்குவதற்கும் வீடுகள் கட்டுவதற்கும் குளிர்காய்வதற்கும் மரம் தேவைப்பட்டது. சுற்றியிருந்த சரிவுகளிலிருந்த காட்டை அவர்கள் வெட்டி வீழ்த்தினர். மரங்களே பனியைப் பிடித்து நிறுத்தும் வேலி என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வேலி போனபின், குளிர்காலந்தோறும் சரிவுகளிலிருந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து ஊரின்மேல் வீழ்ந்தது. 1885-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பனிச்சரிவில் மட்டும் 16 பேர் மாண்டனர். அம்மக்கள் அறிவிலிகள் அல்லர், கடும் உழைப்பாளிகள். ஆயினும் அவர்கள் அனைவரும் அம்மலைக்கு அந்நியர்கள். எந்தச் சரிவு எந்தக் காற்றுக்குப் பின் இடியும் என்று சொல்லத்தக்க முதியோர் எவரும் அவர்களிடையே இல்லை. பின்னர் வெள்ளியின் விலை வீழ்ந்தது, ஊரும் பாழ்பட்டது.

1930-களில் அந்த ஊருக்கு மறுவாழ்வு பிறந்தது. நார்வேயிலிருந்து குடியேறிய பனிச்சறுக்கு வீரரான ஆல்ப் எங்கென், வனத்துறையின் சார்பில் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்து, அது சறுக்கு விளையாட்டிற்கு ஏற்ற இடம் என்று தெரிவித்தார். வெட்டப்பட்ட சரிவுகளில் மரக்கன்றுகள் மீண்டும் நடப்பட்டன. 1939-ஆம் ஆண்டு ஜனவரியில், கம்பிவடத்தில் தொங்கி மேலே செல்லும் நாற்காலி ஊர்தி ஒன்று இயங்கத் தொடங்கியது. சுரங்கத்தில் கனிமம் சுமந்த பழைய கம்பிவட அமைப்பின் பகுதிகளே அதற்குப் பயன்பட்டன. ஆழ்ந்த பொடிப்பனியில் சறுக்கும் முறையை எங்கெனும், 1940-இல் அங்கு வந்த டிக் டர்ரன்ஸ் என்பவரும் உருவாக்கினர். இறுகிய பனியில் ஒரு காலில் எடையை மிகுத்துத் திரும்புவது வழக்கம். பொடிப்பனியில் அவ்வாறு செய்தால் அந்தக் கால் புதைந்துவிடும். ஆகவே இரு கட்டைகளையும் ஒரே பலகைபோல் சேர்த்து, எடையை இரண்டிலும் பகிர்ந்து, மென்மையாக எழுந்து தாழ்ந்து செல்லும் முறை தோன்றியது.

சறுக்கும் கலை வளர்ந்தது. சரிவுகளின் அச்சம் மட்டும் நீங்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் மான்ட்கோமரி ஆட்வாட்டர் என்பவர் வனத்துறையின் காவலராக ஆல்ட்டாவுக்கு வந்தார். எழுத்தாளராகவும் போர்வீரராகவும் இருந்த அவர், விஞ்ஞானப் பட்டம் பெற்று அங்கு வந்தவர் அல்லர். ஆனால் அவரிடம் ஒரு சிறந்த பழக்கம் இருந்தது: கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைப்பது. எவ்வளவு பனி, எத்தனை மணி நேரத்தில் வீழ்ந்தது? காற்று எத்திசையிலிருந்து, என்ன வேகத்தில் வீசியது? வெப்பநிலை ஏறியதா, இறங்கியதா? அடியிலிருந்த பழைய பனியின் மேற்பரப்பு எத்தகையது? இவ்வாறு பனிச்சரிவுக்குத் துணைபுரியும் பத்துக் காரணிகளை அவர் வகுத்தார். ஆபத்தான சரிவுகளில் மக்கள் நுழையுமுன்பே வெடிமருந்து வைத்துப் பனியைத் தாமே இடித்து வீழ்த்தும் முறையைக் கையாண்டார். கையால் எட்டாத உயரங்களுக்கு, 1940-களின் இறுதியில், மாநிலப் படையினரிடமிருந்த பழைய பிரெஞ்சுப் பீரங்கி ஒன்றைப் பயன்படுத்தினார். போரில் உயிரைக் குடித்த கருவி மலையில் உயிரைக் காக்கும் கருவியாயிற்று.

1952-இல் எட் லாஷப்பெல் என்னும் இளைஞர் அவருடன் சேர்ந்தார். பனி ஆராய்ச்சிக்காக 1936-இல் தொடங்கப்பட்ட டாவோஸ் நிலையத்தில் பயின்றவர் அவர். டாயில் வழிகாட்டிகளைத் தேடிப் பெற்ற அதே ஊர், அமெரிக்கப் பள்ளத்தாக்கிற்கும் வழிகாட்டியாயிற்று. சுரங்கத் தொழிலாளருக்கு இல்லாத ஒன்று இப்போது ஆல்ட்டாவுக்குக் கிடைத்தது. அதுதான் மலையின் நினைவு. ஒவ்வொரு குளிர்காலமும் ஏட்டில் எழுதப்பட்டது. அந்த ஏடு அடுத்த குளிர்காலத்திற்கு ஆசானாக அமைந்தது.

அந்த நினைவின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறுவேன். ஆபத்து மிகும் வேளைகளில் ஆல்ட்டாவில் எவரும் கட்டடத்தை விட்டு வெளியே காலடி வைக்கக்கூடாது என்பது சட்டம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெரும்பனி பெய்தபோது அக்கட்டுப்பாடு ஏறத்தாழ 60 மணி நேரம் நீடித்தது. தொலைதூரத்திலிருந்து பொருட்செலவு செய்து வந்தோர், தாம் கனவில் கண்ட பொடிப்பனி சாளரத்திற்கு வெளியே குவிந்து கிடப்பதைப் பார்த்தபடி உள்ளேயே அடைபட்டிருந்தனர். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். 1885-ஆம் ஆண்டின் ஆல்ட்டாவை அறிந்தவர்க்கோ அது பெரும்பேறு.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவன் புது இடத்தில் புதுப்பனி நாளை எவ்வாறு கழிப்பான்? விடியலில் வெடியோசை கேட்டால் எரிச்சல் கொள்ளமாட்டான். தனக்காகச் சரிவுகள் சோதிக்கப்படுகின்றன என்று அறிவான். கீழ்ச்சரிவுகள் முன்னும் மேற்சரிவுகள் பின்னும் திறக்கப்படுவது பொதுவான வழக்கமாதலால், மலைக்காவலரிடம் அன்றைய வரிசையைக் கேட்டறிவான். முதற்சறுக்கலை எளிய சரிவில் தொடங்கி, பனியின் ஆழத்தையும் தன் காலின் பழக்கத்தையும் அளந்துகொள்வான். பனி பெய்துகொண்டே இருந்தால், வெள்ளை வானும் வெள்ளை நிலமும் ஒன்றாகிக் கண்ணை ஏமாற்றும். அப்போது மரங்கள் உள்ள பகுதியில் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். ஆனால் மரத்தடியில் பனி நெகிழ்ந்து, குழிபோல் மறைந்திருப்பதுண்டு. அதில் தலைகீழாக வீழ்ந்தோர் தாமே எழுதல் அரிது. எனவே துணைவன் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். வானம் வெளுத்தால், கதிரவனை நோக்கிய சரிவுகளுக்கு முதலில் செல்வான்; அவை விரைவில் கனத்துவிடும். வடக்கு நோக்கிய நிழற்சரிவுகளின் பனி மாலையிலும், மறுநாளிலுங்கூட மென்மை கெடாதிருக்கும். ஆகவே பரபரப்புக்கு இடமில்லை.

கயிறு கட்டித் தடுத்த எல்லையை அவன் தாண்டமாட்டான். பிறர் சறுக்கிய தடம் ஒரு சரிவில் தெரிவதனாலேயே அது பாதுகாப்பானது என்று கருதமாட்டான். பனிச்சரிவில் சிக்கி உயிர் துறப்போரில் மிகப் பெரும்பாலோரைப் புதைத்த பனி, அவர்களாலோ அவர்களுடைய தோழர்களாலோ பெயர்க்கப்பட்டதே ஆகும். புதையுண்டவர் முதல் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது விரைந்து குறைகிறது. ஜான் லாட்டன் என்னும் பொறியாளர் 1960-களின் இறுதியில் உருவாக்கிய சிறு வானொலிக் கருவி, புதையுண்டவர் இருக்குமிடத்தைக் குறிகாட்டித் தோழர்களுக்கு உணர்த்துகிறது. அது சிறந்த துணைதான். ஆயினும் நுழையத் தகாத சரிவில் நுழையாதிருப்பதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

மாணவ நண்பர்களே, புது இடத்திற்குச் செல்பவனிடம் கால்வலிமை இருக்கலாம். நல்ல கருவியும் ஊக்கமும் இருக்கலாம். அவ்விடத்தின் நினைவு மட்டும் அவனிடம் இல்லை. அதை விலைகொடுத்து வாங்க இயலாது. அறிந்தவரிடம் பணிவுடன் கேட்டுக் கடனாகப் பெறலாம். பிராங்கர் சகோதரரிடம் டாயில் அதைப் பெற்றார். நகைத்துக்கொண்டே விடுதியை அடைந்தார். அதைப் பெற வழியில்லாத ஆல்ட்டாவின் சுரங்கத் தொழிலாளர் மலையடியிலேயே மாண்டனர். ஓர் இடத்தின் வரலாற்றை அறிவது தேர்வுக்காக மட்டும் அன்று. அந்த இடத்தில் மகிழ்ந்திருப்பதற்கும், மகிழ்ந்தபின் வீடு திரும்புவதற்கும் அதுவே வழித்துணையாகும்.