மலேசிய அனிமேஷன்: நுட்பமும் வளர்ச்சியும்

மலேசிய அனிமேஷன் அரசின் படப்பிரிவில் கையால் வரைந்த குறும்படங்களாகத் தொடங்கி, முப்பரிமாணத் தொடர்களாக வளர்ந்த கலை. அதன் தரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் டிஸ்னியையும் ஜப்பானையும் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. டிஸ்னி மரபில் ஓர் ஓவியம் பொதுவாக இரண்டு சட்டகங்களுக்கு நிற்கும். விரைவான அசைவுக்குச் சட்டகத்துக்கு ஒன்று வரைவார்கள். ஜப்பானியர் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963இல் வாரத் தொடராக வந்தபோது, பல காட்சிகளில் மூன்று சட்டகங்களுக்கு ஓர் ஓவியமே இருந்தது. முகம் அப்படியே நிற்க வாய் மட்டும் அசையும். உருவம் நிற்கப் பின்னணி நகரும். பத்து நிமிடப் படத்துக்கு இரண்டு சட்டகங்களுக்கு ஓர் ஓவியம் எனில் 7,200 ஓவியங்கள் தேவை, மூன்றுக்கு ஒன்று எனில் 4,800 போதும். இதை வைத்து மேற்கே உயர்ந்தது என்று முடிவுகட்ட இயலாது. அமெரிக்காவின் ஹன்னா-பார்பெராவும் அதே காலத்தில் சிக்கன முறையில்தான் தொடர்கள் தயாரித்தது. ஜப்பானின் 'அகிரா' (1988) ஒளி ஊடுருவும் தாளில் தீட்டும் 'செல்' ஓவியங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றால் ஆனது.

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமாகப் பொதுவாகக் கருதப்படுவது 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்'. மலாய் நாட்டுக்கதைகளின் தந்திரக்காரச் சருகுமானே இதன் நாயகன். அரசின் படப்பிரிவான ஃபிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர், பெரும்பகுதி வேலையைத் தனியாளாகவே செய்தார் என்பர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு கூடமே பகிர்ந்துகொள்ளும் உழைப்பு அது. 1978இல் படம் முடிந்தது. ஒளிபரப்பான ஆண்டு 1983 என்பது பரவலான கருத்து, 1984 என்போரும் உண்டு. குரங்கும் முதலையும் வரும் சருகுமான் படங்கள் பின்னர் வெளிவந்தன. சட்டக எண்ணிக்கையை மட்டும் கொண்டு இப்படங்களை மதிப்பிடுவது பொருந்தாது. குறைந்த வசதியில் ஓர் ஓவியரின் கையால் அந்தச் சிறு விலங்குக்கு உயிர் வந்தது என்பதே இவற்றின் தனிச்சிறப்பு.

1995இல் நாட்டின் முதல் தொலைக்காட்சி அனிமேஷன் தொடரான 'உசோப் சொந்தோரியான்' வந்தது.

கார்ட்டூனிஸ்ட் லாட்டின் 'கம்போங் பாய்' தொடர் 1997இல் மலேசியச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவில் தொடங்கியது. பேராக் கிராமத்துச் சிறுவனின் இந்தக் கதையின் தயாரிப்பில் அமெரிக்க, கனடிய, பிலிப்பைன்ஸ் நிறுவனங்கள் பங்கேற்றன. 26 பகுதிகளில் ஒன்றான 'ஓ! தோக்' 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் விருது பெற்றது. இத்தொடரை மலேசியப் படைப்பு என்பதா, கூட்டுத் தயாரிப்பு என்பதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஹசான் முத்தாலிப் இயக்கிய 'சிலாட் லகெண்டா' (1998) நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படம்.

'உப்பின் இப்பின்' (2007), 'போபோய்போய்' (2011), 'எஜென் அலி' (2016) ஆகியவை கணினி முப்பரிமாணத் தொடர்கள். இவற்றில் இடை அசைவுகளைக் கணினியே நிரப்புவதால் ஒளியமைப்பு, துணி, தலைமுடி போன்றவை தரத்தின் அளவுகளாகியுள்ளன.