கணக்கில் வராத மோதல்கள்

அமெரிக்கக் கால்பந்தின் ஆட்டக் குறிப்பைப் பார்த்தால், பந்தை எறிந்தவர் எத்தனை கெஜம் எறிந்தார், ஓடியவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்பதெல்லாம் இருக்கும். அவர்களுக்கு அரணாக முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்களின் பெயர், தவறு செய்து தண்டனை வாங்கினால் ஒழிய அதில் அநேகமாக வராது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் சீரழிந்து போனதை அவ்வளவு காலம் யாரும் கவனிக்காததற்கு இந்தக் கணக்கு முறையும் ஒரு காரணம் என்பேன்.

விஸ்கான்சின்காரரான வெப்ஸ்டரை 1974-ல் வீரர் தேர்வின் ஐந்தாவது சுற்றில்தான் ஸ்டீலர்ஸ் எடுத்தது. உயரம் ஆறடி ஓரங்குலம்; லைன்மேனுக்கு அது குறைவு. உறைபனியிலும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வெறுங்கையோடு ஆடுவார். அவர் ஆடிய இடம் சென்டர். குனிந்து, கால்களுக்கு இடையே பந்தை, அதை எறியும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்த அதே நொடியில் எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும். ஒரு கை பந்தில் இருப்பதால் முதல் இடியைத் தலை வாங்கும். கையை நீட்டித் தள்ள லைன்மேன்களுக்கு விதி இடம் கொடுத்ததே 1978-ல்தான். அதுவரை தலையும் தோளுமே ஆயுதம். இப்படி 17 பருவங்கள், 245 ஆட்டங்கள், நான்கு சூப்பர் பௌல் (இறுதிப் போட்டி) வெற்றிகள். ஒவ்வோர் ஆட்டத்திலும் பல பத்து முறை முட்டியிருப்பார். எதுவும் அவரைக் கீழே சாய்க்கவில்லை. அதனாலேயே எதுவும் காயமாகப் பதிவாகவில்லை.

2002-ல் 50 வயதில் அவர் இறந்தபோது, மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, தொடர் அடிகளால் வரும் சிதைவைக் கண்டார்; 2005-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று, தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்எஃப்எல் அமைத்திருந்த மருத்துவக் குழுவினர் எழுதினார்கள். ஒரே ஒரு மூளையை வைத்து முடிவு கட்டலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒமாலு அடுத்து இதே சிதைவைக் கண்டது டெர்ரி லாங்கின் மூளையில்; அவரும் ஸ்டீலர்ஸின் லைன்மேன்தான். பேர்போன பெரிய மோதல்களில் சிக்காத இடத்திலிருந்தே முதல் இரண்டு பேரும் வந்தார்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சம்பளம் வாங்கித் தெரிந்தேதானே ஆடினார் என்பார்கள். எலும்பு முறியும், மூட்டு தேயும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மூளையைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள்? அவருடைய ஊனத்துக்கு ஆட்டத்தில் பட்ட தலையடிகளே காரணம் என்று வீரர்களின் ஓய்வூதிய வாரியம் 1999-லேயே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த மருத்துவக் குழு ஆபத்தை மறுத்தே வந்தது. வாரியமும் தாராளம் காட்டவில்லை. ஊனம் 1996-ல்தான் தொடங்கியது என்று வாதாடியது. அவர் ஓய்வு பெற்ற 1991-லேயே அது முழுமையாக இருந்தது என்று குடும்பத்தின் பக்கம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006-ல். அப்போது வெப்ஸ்டர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.